அவர் சிரித்த இடம்

ஊரே கொண்டாடிய படம் அது. பருத்தி விற்கக் கோயமுத்தூர் போய் வந்தவர்களெல்லாம் அதே பேச்சாக இருந்தார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரரும் நானும் அவருடைய அண்ணன் மனைவியான என் மூத்த ஓரகத்தியும் வண்டி கட்டிக்கொண்டு டாக்கி பார்க்கப் போனோம். ஓரகத்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கொட்டகையில் பெண்களுக்குத் தனி இடம், நடுவே தட்டி. அவர் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

படத்தில் ஒரு காட்சி. வீட்டில் மருந்துக்குக்கூட அரிசி இல்லை. வாசலில் விருந்தாளி. அந்தப் பெண் வெறும் சட்டியில் கரண்டியைப் போட்டுக் கடகடவென்று கிண்டுகிறாள், பற்றவைக்காத அடுப்பை ஊதி ஊதிக் கண்ணைக் கசக்குகிறாள். சமையல் நடக்கிறதாம்! என் அம்மா இதே மாதிரி செய்து நான் பார்த்திருக்கிறேன். பொலபொலவென்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆண்கள் பக்கம் ஒரு ஆள் கொட்டகை அதிரச் சிரித்தான்.

"ஆருங்கக்கா அது, கூறுகெட்டவன்?" என்றேன்.

"அட, அது என்ற கொழுந்தன் கண்ணு! அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியாதா?"

தெரியாது. என் முன்னால் அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. என்ற கொழுந்தனாம், உன்ற வீட்டுக்காரர் இல்லையாம்! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இவள் மட்டும் எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாளோ?

திரும்பும்போது அவருக்கும் அக்காவுக்கும் படத்தைப் பற்றியே பேச்சு.

"நல்ல தமாசுப் படமுங்க அண்ணி" என்றார் அவர்.

"அது அழுகைப் படமுங்க" என்றேன் நான்.

"அழுகறதுக்கு அதுல என்ன கண்ணு இருக்குது?" என்று அக்கா கரண்டி கிண்டுவது போலக் கையைச் சுழற்றிக் காட்டினாள். அவர் மறுபடியும் சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அக்கா தாய்வீடு போன சமயம் பார்த்து, அதே படத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி நச்சரித்தேன். அவர் சிரிக்கும்போது இந்தத் தடவை நானும் சிரிக்கவேண்டும், அவளுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கவேண்டும். வேறொன்றும் இல்லை. அந்தக் காட்சி வந்தது. வந்த அழுகையை அடக்கிக்கொண்டு, தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் முறைத்தார்கள். ஆண்கள் பக்கம் அவர் சத்தமே இல்லை.

வண்டியில் ஏறியதும் கேட்டுவிட்டேன். "ஏனுங்க, இன்னைக்கு ஏன் சிரிக்கல?"

"அழுகைப் படம்னு நீ சொன்னயில்ல, அதான் உத்துப் பார்த்தேன். பாவமாப் போச்சு. கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அந்த நேரத்துல எவளோ ஒருத்தி இளிக்கறா!"

எனக்கு வந்ததே ஆத்திரம்! "அக்கா கையை ஆட்டுனாச் சிரிப்பீங்க. நான் தொண்டை கிழியச் சிரிச்சா அழுவீங்களா? இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தனா?"

அவர் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார். "நீயா அது?"

அப்புறம் சிரித்தார் பாருங்கள், மாடு இரண்டும் மிரண்டு வண்டியை ரோட்டோரத்துக்கு இழுத்துவிட்டன. அவர் நிறுத்தவில்லை. வண்டியில் வேறு யாருமில்லை. அத்தனையும் எனக்குத்தான்.