கடை அரிசி முளைக்குமா?

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்த பிள்ளைகள் ஐந்து. கையெழுத்து மட்டும் போடுவேன்... நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது பேத்தி கவிதா. வாராவாரம் படிக்கிற உங்களுக்கு இது தெரிந்ததுதான்.

கடைசி மகன் செல்வம் நார்வேயில் இருக்கிறான். மருமகள் இங்க்ரிட் அந்த ஊர்க்காரி. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். போன வாரம் வீடியோ காலில் அவள் முகமே சரியில்லை.

'ரைஸ்' என்ற வார்த்தைக்குப் பாடம் நடத்தினாளாம். வயலில் நிற்பதும் ரைஸ், மூட்டையில் இருப்பதும் ரைஸ், தட்டில் போடுவதும் ரைஸ் என்று நார்வே மொழியில் விளக்கியிருக்கிறாள். அப்புறம் ஆளுக்கொரு கப்பில் மண் போட்டு விதைக்கவும் வைத்தாளாம். மூன்று வாரம் தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. "டீச்சர் சொன்னது பொய்யா?" என்று கேட்டதாம் ஒரு குட்டி.

"எதைடா போட்டா?"

"கடையில வாங்கின ரைஸ்தாம்மா."

"மில்லுல உமியோட முளையையும் சேத்துல்ல தீட்டிடுறான்? நெல்லைல்ல போடணும். நீடாமங்கலத்துப் புள்ளதானே நீ, சொல்லக் கூடாது?"

"நீ என்னை வயல்ல எறங்க விட்டியாம்மா? படி படின்னு வெரட்டுன."



மறுநாள் அந்த வகுப்பையே போனில் காட்டச் சொன்னேன். அங்கே காலை, இங்கே உச்சிவெயில். குறுவைச் சாகுபடிக்கு வைத்திருந்த விதைநெல்லைச் சாக்கோடு தண்ணீரில் அமுக்கினேன். "மூணாம் நாள் இதே நேரம் வாங்க. முளையோட காட்டுறேன்" என்றேன். வகுப்புக்குக் கூடவே போயிருந்த செல்வம் தயங்கித் தயங்கித்தான் மொழிபெயர்த்தான்.

"பழைய வெதைம்மா. இதுவும் முளைக்கலைன்னா இவ அந்தப் புள்ளைங்க மூஞ்சில முழிக்க முடியாது."

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். காட்டிக்கொள்வேனா?

ஒரு ராத்திரி ஊறியதை எடுத்து, வடியவிட்டு, வைக்கோல் போட்டு மூடி, மேலே கல்லை வைத்தேன். அன்று பொழுது சாய்ந்ததும் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன்... கதகதவென்று சூடு, முளை விடுகிற சூடு. பயம் போய்விட்டது.

மூன்றாம் நாள். போன் முன்னால் சாக்கின் வாயை அவிழ்த்தேன். நெல்லுக்கு நெல் வெள்ளை மூக்கு! அங்கே வகுப்பே எழுந்து நின்றது. பொய்யா என்று கேட்ட குட்டி, முகத்தைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தது.

இங்க்ரிட் என்ன செய்தாள் தெரியுமா? போர்டில் இருந்த ஒற்றை 'ரைஸை' அழித்தாள். நான் சொல்லச் சொல்ல நாத்து, நெல்லு, அரிசி, சோறு என்று அவர்கள் எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நார்வே மொழியில் விளக்கம் போட்டாள். மொத்த வகுப்பும் "சோறு" என்று கத்தியது எனக்கு இங்கே கேட்டது.

இங்கிலீஷ் பாடத்தைத் திருத்தியது யார்? கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தவள் — நான்தான்.

கவிதா, எழுதினதைப் படிச்சுக் காட்டு. சோறுன்னு நான் சொன்ன எடத்துல ரைஸுன்னு போட்டிருந்தா, இன்னிக்கு உனக்கு ரெண்டுமே கிடையாது.