வாலண்டியர் பொண்ணு எங்க ஓடுது?

போன சனிக்கிழமை ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. டாக்டர் பிரஷர் மாத்திரையையே மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் இந்த வாரம் மருமகள் கதை, மிக்ஸி ரிப்பேர் கதை எதுவும் கிடையாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

திருப்பூர் நல்லூரில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி சுமையா இருக்கிறாள். அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கிறாள். அவளும் பள்ளித் தோழிகள் ஐந்து பேரும் கிராஸ் கன்ட்ரி ஓடுகிறார்கள். மைதானத்தில் வட்டமடிக்கிற ஓட்டம் இல்லை இது. மேடு, பள்ளம், வரப்பு, சேறு என்று கிடைத்த வழியில் ஓட வேண்டும்.

எங்கள் ஏரியாவில் வரப்புக்கு எங்கே போவது? விடியற்காலையில், கம்பெனி வேன்கள் கிளம்புவதற்கு முன்னால், தெருத்தெருவாக ஓடிப் பழகினார்கள். நான் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் "குட் மார்னிங் ஆன்ட்டி" என்று ஆறு குரல் வாசலைத் தாண்டிப் போகும்.

பக்கத்து மாவட்டத்தில் பெரிய போட்டி. முதல் இரண்டு இடம் பிடிக்கிற அணிகள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். ஒவ்வொருத்தியும் எத்தனையாவதாக வருகிறாள் என்பதைக் கூட்டித்தான் அணியின் இடம். இவர்கள் பள்ளியிலிருந்து ஒரு பெண்கள் அணி இவ்வளவு தூரம் வந்ததே முதல் தடவை. சுமையாவுக்கோ இதுதான் கடைசி வாய்ப்பு... அடுத்த வருடம் அவளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, அணியும் இல்லை.

நான் ஏன் போனேன்? பெண் பிள்ளைகளை வெளியூர் கூட்டிப் போனால் துணைக்கு ஒரு பெண் போக வேண்டும். போக வேண்டிய டீச்சருக்குக் காய்ச்சல். தெருவில் சும்மா இருப்பது யார் என்று யோசித்திருக்கிறார்கள். எழுதுகிறவள் சும்மா இருப்பவள்தானே! பி.டி. வாத்தியார் செந்தில் வந்து கேட்டார், நானும் தலையாட்டிவிட்டேன்.

இப்போது டி-ஷர்ட் விஷயம். சுமையாவின் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவள் 'அத்தா' என்று கூப்பிடுவாள், நாங்கள் எல்லாரும் பாய் என்போம். வெளிநாட்டில் எங்கேயோ நடக்கிற மாரத்தானுக்காகத் தைத்த ஆர்டரில் கொஞ்சம் டி-ஷர்ட் மிஞ்சியிருக்கிறது. முதலாளியிடம் சொல்லி ஆறு பேருக்கும் வாங்கி வந்துவிட்டார். பச்சைக் கலர், வியர்வை ஒட்டாத நல்ல துணி. சைஸ் மட்டும் வெளிநாட்டு ஆட்களுக்கானது... ஒவ்வொன்றிலும் இரண்டு சுமையா நுழையலாம். அவள் அம்மா உட்கார்ந்து ஆறையும் பிரித்து, தோள் குறைத்து, அளவாகத் தைத்துக் கொடுத்தார்.

முதுகில் வெள்ளை எழுத்தில், ஆங்கிலத்தில், பெரிதாக ஒரே வார்த்தை. 'வாலண்டியர்'.

ஒருவர்கூடவா படிக்கவில்லை என்று கேட்பீர்கள். திருப்பூரில் யார் டி-ஷர்ட்டைப் படிக்கிறார்கள்? உலகத்துக்கே வாசகம் அச்சடித்து அனுப்புகிற ஊர் இது. நாங்கள் துணியைத் தொட்டுப் பார்ப்போம், தையலை இழுத்துப் பார்ப்போம், எழுத்தைப் பார்க்க மாட்டோம். எங்கள் மளிகைக் கடை அண்ணாச்சி, பேரன் எடுத்தவர், 'மணமகளின் தோழி' என்று அர்த்தம் வருகிற ரோஸ் கலர் டி-ஷர்ட்டில்தான் பருப்பு நிறுத்துப் போடுகிறார். யாரும் சிரித்ததில்லை.

போட்டி நடந்தது ஒரு தனியார் பள்ளியில். பெயர் வேண்டாம். தென்னந்தோப்பு, குளம், மேடு எல்லாம் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கிற அளவுக்குப் பெரிய பள்ளி. மற்ற அணிகளுக்கு ஷாமியானா நிழலில் பெயர் போட்ட இடம் இருந்தது. எங்களுக்கு? கோட்டு போட்ட ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வந்தார். பிள்ளைகளின் முதுகைப் பார்த்தார். "வந்துட்டீங்களா பாப்பா? அந்தத் தண்ணி கேனை எல்லாம் எடுத்து வைங்க" என்றார்.

ஆறு பேரும் ஒரே குரலில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "சரிங்க."

இந்த 'சரிங்க' இருக்கிறதே, அதுதான் எங்கள் ஊர் வியாதி. பெரியவர் ஒருவர் வேலை சொன்னால் எதற்கு, ஏன் என்று கேட்கிற பழக்கமே கிடையாது. வெளியூருக்கு வந்த இடத்தில் எல்லா அணியும் கூடமாட வேலை செய்யும்போல என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். நான் நினைத்ததும் அதுதான். செந்தில் சார் பதிவு செய்கிற வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

கேன் முடிந்து நாற்காலி. நாற்காலி முடிந்து கோலப் பொடி. சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை, வெயில் ஏறிக்கொண்டே போனது. மற்ற அணிகள் கை காலை நீட்டி மடக்கி உடம்பைத் தயார் செய்தன. எங்கள் பிள்ளைகள் மேடைக்கு மேஜை விரிப்பு விரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது... வேலை செய்வது இவர்கள் மட்டும்தான்.

கோட்டு சாரைத் தேடி ஓடினேன். அதற்குள் சிறப்பு விருந்தினரின் கார் வந்துவிட்டது. மேளம், சால்வை, பூச்செண்டு. கிட்டப் போக முடிந்தால்தானே?

மைக்கில் பெண்கள் பிரிவை அழைத்தார்கள். ஐந்து பேர் ஓட்டம் தொடங்குகிற கோட்டுக்கு ஓடிவிட்டார்கள். சுமையா கையில் இளநீர் ட்ரே இருந்தது. ஓட்டத்துக்குப் போகணுங்க என்று அவள் சொன்னாளாம். இதை மேடையில் கொடுத்துவிட்டுப் போய் வேடிக்கை பார் என்றாராம் கோட்டு சார்.

வேடிக்கை பார்!

மேடை ஏறினாள். விருந்தினர் இளநீரை ஒரு கையில் வாங்கினார். போட்டோ எடுக்கிறவர் அசைய வேண்டாம் என்றார், அவளும் ட்ரேயோடு அசையாமல் நின்றாள். விருந்தினர் இன்னொரு கையில் கொடியை வாங்கினார், சிரித்தார், அசைத்தார். ஓட்டம் தொடங்கிவிட்டது. ஓட வேண்டியவளோ கொடி அசைத்தவருக்குப் பக்கத்தில் ட்ரேயோடு நிற்கிறாள்.

அடுத்த நொடி ட்ரேயை மேடையிலேயே வைத்துவிட்டுக் குதித்தாள். சுற்றி வந்து படியில் இறங்கவில்லை, நேராக முன்பக்கமே குதித்துவிட்டாள். மைக் பிடித்திருந்தவர், "அந்த வாலண்டியர் பொண்ணு எங்க ஓடுது?" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் எத்தனையோ மேடை பார்த்திருக்கிறேன், அப்படியொரு சிரிப்பைக் கேட்டதில்லை.

நெஞ்சில் குத்துகிற நம்பர் அட்டையை ஓட்டக் கோட்டில்தான் கொடுத்தார்கள். செந்தில் சார் அவளுடையதைக் கையில் வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். குத்த ஏது நேரம்? கையில் திணித்து, "ஓடு அம்மிணி" என்றார். அட்டையை முஷ்டியில் பிடித்துக்கொண்டே தோப்புக்குள் மறைந்தாள்.

அப்புறம் நடந்ததை எழுதும்போது இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. குளத்து மேட்டில் கடைசி ஆளாகத் தெரிந்தவள், தென்னை வரிசையைத் தாண்டி வெளியே வரும்போது நடுக்கூட்டத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு வழுக்கல் சேறு, மற்றவர்கள் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்கள். இவள் விழுந்தாள், எழுந்தாள், ஓடினாள். முன்னால் வந்த கும்பலோடு கும்பலாக முடித்தாள். முழங்கால் முழுக்க ரத்தம், கையில் கசங்கிய அட்டை. செந்தில் சார் விரல் விட்டு எண்ணினார், மறுபடி எண்ணினார். "அக்கா, நாம ரெண்டாவதுங்க" என்றார்.

அறிவிப்பில் மூன்றாவது என்றார்கள்.

சுமையாவின் இடம் கணக்கில் சேராதாம். நம்பர் நெஞ்சில் இல்லையாம், கையில் இருந்ததாம். ஓட்டக் கோட்டில் நிற்காமல் மேடையிலிருந்து கிளம்பினாளாம். ஐயா, மேடை கோட்டுக்குப் பின்னால் அல்லவா இருந்தது? மற்ற எல்லாரையும்விட அதிக தூரம் ஓடியவளுக்குக் கணக்கில்லை என்றால் இது என்ன கணக்கு?

செந்தில் சார் மிக மரியாதையாக, ஏனுங்க, பாருங்க என்று மன்றாடினார். கோட்டு சார் அசைந்து கொடுக்கவில்லை. டி-ஷர்ட்டில் வாலண்டியர் என்று போட்டிருந்தால் நாங்கள் என்ன செய்வது, எழுத்தைப் படித்துத்தானே வேலை சொன்னோம் என்றார். தப்பு எங்கள் மேலாம்.

கேட்டால் நியாயம் மாதிரித்தானே இருக்கிறது?

அப்போதுதான் முன்வரிசை சோபா கண்ணில் பட்டது. அதில் கால்மேல் கால் போட்டு ஒரு பெரிய மனிதர். ஷாமியானா நிழலில் இருந்த அணியில் ஒரு பெண்ணின் அப்பா. கூலிங் கிளாஸ், விலை உயர்ந்த கறுப்பு டி-ஷர்ட். சால்வை வாங்கத் திரும்பினார். முதுகில் கொட்டை எழுத்தில் 'செக்யூரிட்டி'.

கோட்டு சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அவரை ஏங்க கேட்டில நிக்க வைக்கல?" என்றேன்.

"மேடம்... அவரு பேரன்ட்டுங்க."

"எப்படித் தெரியும்?"

அந்த மனிதரின் முதுகை யாருமே படிக்கவில்லை. முகத்தைப் பார்த்தார்கள், காரைப் பார்த்தார்கள், சோபா போட்டார்கள். எங்கள் பிள்ளைகளின் கறுத்த காலையும் தேய்ந்த ஷூவையும் பார்த்தார்கள், கேனைக் கொடுத்தார்கள். எழுத்து பின்னால் கிடைத்த சாக்கு. அந்த டி-ஷர்ட்டில் 'ஒலிம்பிக்' என்று எழுதியிருந்தாலும் இளநீர் ட்ரே இவர்கள் கைக்குத்தான் வந்திருக்கும்.

புகார் எழுதிக் கொடுத்தோம். 'பரிசீலிக்கிறோம்' என்ற அந்தப் பொன்னான வார்த்தையோடு வாங்கி வைத்தார்கள்.

கிளம்புகிற நேரம். காலியான நாற்காலிகளைக் காட்டி, மைக் பிடித்திருந்தவர் எங்கள் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுப் போகச் சொன்னார். இவ்வளவுக்குப் பிறகும்! ஐந்து வாய் 'ச' என்று திறந்தே விட்டது.

சுமையா முந்திக்கொண்டாள். "இல்லீங்க. நாங்க ஓட வந்தவங்க."

அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை, 'ங்க' கூடக் குறையவில்லை. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வெளியூரில் 'இல்லீங்க' சொல்லிக் கேட்டது எனக்கு மாநிலப் போட்டிக்குப் போனது மாதிரி இருந்தது. ஆனால் போகவில்லையே... அதுதான் ஆறவில்லை.

நல்லூர் பஸ் ஸ்டாப்பில் பாய் காத்திருந்தார். மூன்றாவது என்றதும், பரவாயில்லை கண்ணு என்று மகளின் முழங்காலைக் குனிந்து பார்த்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, தன் சந்தேகத்தைக் கேட்டார்.

"டி-ஷர்ட் எல்லாம் நல்லா இருந்துச்சா? அங்க யாராச்சும் கவனிச்சாங்களா?"

சுமையா என்னைப் பார்த்தாள். பிறகு, "நல்லா இருந்துச்சு அத்தா. எல்லாரும் படிச்சாங்க" என்றாள்.

பாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அம்மாவிடம் சொல்ல வேகவேகமாக வீட்டுக்கு நடந்தார்.

பாய் பத்திரிகை வாங்குவதில்லை, அதனால் அவருக்கு இது தெரியாது. கோட்டு சார் வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பதாக அன்றைக்கு அவரே சொன்னார். படிக்கட்டும்... அவருக்குத்தான் எழுத்து நன்றாகத் தெரிகிறதே!