நான்காவது பக்கம்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். எனக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் இது நடந்தது. நாள், நேரம் எல்லாம் இருக்கிறது. நாகப்பன் கதை கட்டுகிற ஆளும் இல்லை. அவருக்குக் கட்டத் தெரிந்ததெல்லாம் தடுப்பு மட்டும்தான்.

நாகப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. ஊர் பிள்ளைப்பாக்கம். ஒரகடம் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை. எங்கே குழி திறந்தாலும், எங்கே உயரத்தில் வெல்டிங் நடந்தாலும், சுற்றி நாலு பக்கமும் மஞ்சள் கம்பித் தடுப்பு வைக்க வேண்டியது அவர் பொறுப்பு. வைத்ததும் ஒரு அட்டையில் தன் பெயரும் நேரமும் எழுதி அதில் தொங்கவிட வேண்டும். அட்டையின் கீழே இன்னொரு கட்டம் உண்டு. 'அகற்றியவர்' என்று போட்டிருக்கும். தடுப்பை எடுக்கிறவர் அதில் பெயர் எழுத வேண்டும். விதி அப்படி.

நடப்பது வேறு. எந்தக் காண்ட்ராக்டரிடமும் தடுப்பு போதுமான அளவு இருந்ததில்லை. குறைந்தால் பக்கத்து வேலையிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வருவார்கள். ஒரு பக்கம்தானே, முடிந்ததும் திருப்பி வைத்தால் போயிற்று. 'அகற்றியவர்' கட்டத்தில் எவனும் பெயர் எழுதியதில்லை. நாகப்பனும் எழுதியதில்லை. உருவிய தடுப்பில் அட்டை தொங்கினால், அதை நாலாக மடித்து ஹெல்மெட் பட்டைக்குள் செருகிக்கொள்வார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்காது. காண்ட்ராக்டர்கள் மாறினார்கள், கம்பெனிகள் மாறின, அந்தப் பழைய வெள்ளை ஹெல்மெட்டை மட்டும் அவர் மாற்றவே இல்லை.

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. லைன் ஓடாத நாள். ஆகவே பழுது பார்க்கிற வேலையெல்லாம் அன்றைக்குத்தான். நாகப்பன் முந்தின இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரம் கண்ணை மூடி, திரும்ப வந்திருந்தார். முழங்கால் இரண்டும் விண் விண் என்று தெறித்தன. வெளியே கார்த்திகை மழை. தகரக் கூரையில் ஓயாமல் சத்தம்.

பார்ட்ஸ் கழுவுகிற இடத்தில் பன்னிரண்டடி ஆழக் குழி. கழிவுநீர் வந்து சேருகிற குழி. அடியில் இருக்கிற பம்ப்பை மாற்ற வேண்டும். இரும்பு மூடியைத் திறந்தாயிற்று. இரண்டு பிட்டர்கள் உள்ளே இறங்கிவிட்டார்கள். நாகப்பனிடம் இருந்தது மூன்று தடுப்பு. நான்காவது பக்கம் வெறுமனே கிடந்தது. அந்தப் பக்கம்தான் பாத்ரூமுக்குப் போகிற வழி. சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒருத்தன் கால் தவறினால் தீர்ந்தது.

சூப்பர்வைசர் ஸ்ரீதருக்குப் போன் போட்டார்.

"ஒரு பக்கம் குறையுது சார்."

"ஸ்டோர்ல ஒண்ணுமில்லணே. எங்கனா கீதான்னு பாத்து எடுத்துக்கினு வா."

தேடிக்கொண்டு போனார். லாரிகள் வந்து சரக்கு ஏற்றுகிற டாக் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. மணி 3.20. நடுத்தரையில் நாலு மஞ்சள் தடுப்புகள் சதுரமாக நின்றன.

எட்டிப் பார்த்தார். உள்ளே குழி இல்லை. விரிசல் கூட இல்லை. வழவழவென்று சிமென்ட் தரை.

அட்டையில் சாய்ந்த எழுத்து. வைத்தவர் பரசுராமன். நேரம் 3.15. தடுப்பு மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மேலே கூரை இருக்கிறதே... சாரலாக இருக்கும் என்று நினைத்தார். அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தெம்பில்லை.

"யப்பா பரசுராமா! ஒரு பக்கம் எடுத்துக்கினு போறேன். வந்து குடுத்துடறேன்!"

எடுத்துக்கொண்டு வந்தார்.

3.35. குழியின் நான்காவது பக்கத்தில் வைத்தார். உள்ளேயிருந்து ஒரு பிட்டர் நிமிர்ந்து பார்த்தான்.

"நாலாவது பக்கம் எப்போணே வரும்?"

"கண்ணு அவிஞ்சா போச்சு? அதான் வெச்சிகீறேனே."

பிட்டர் அந்தப் பக்கத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

நாலு மணிக்கு டீ. பிட்டர்களும் மேலே ஏறி வந்தார்கள். 4.05க்கு நாகப்பன் திரும்பினார். பெயின்டர் ஒருவன் தோளில் ஏணி, கையில் டப்பாவோடு நடந்து போய்க்கொண்டிருந்தான். நேராகக் குழியைப் பார்த்து.

நான்காவது பக்கத்தில் தடுப்பு இல்லை.

பாய்ந்து போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஏணி சாய்ந்தது. டப்பா உள்ளே போனது. ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு... தொபுக்.

பெயின்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இன்னும் ஓர் அடி. நாகப்பன் இன்னும் ஒரு வாய் டீ குடித்துவிட்டு கிளாஸை வைத்திருந்தால் அவன் போயிருப்பான்.

பெயின்டரைக் காவல் வைத்துவிட்டு டாக் பக்கம் ஓடினார். தடுப்பு அங்கே இருந்தது. பழையபடி சதுரமாக. அந்தப் பரசுராமன்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று ஆத்திரம் வந்தது. திரும்பத் தூக்கி வந்தார். இந்த முறை பக்கத்துத் தடுப்போடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் இரண்டு சுற்று முறுக்கினார்.

4.50. பாத்ரூமுக்குப் போய் இரண்டே நிமிடத்தில் வந்தார்.

தடுப்பு இல்லை.

கட்டுக்கம்பி இருந்தது. முறுக்கு பிரியாமல், வெட்டுப்படாமல், வெறும் வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குமேல் டாக் பக்கம் போக அவருக்குக் கால் வரவில்லை. நான்காவது பக்கத்தில் குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தானே நின்றார். தடுப்பு இல்லாவிட்டால் என்ன, ஆள் இருக்கிறேனே. கால் கடுத்தது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயந்து நின்றுகொண்டே இருந்தார்.

5.30. பிட்டர்கள் புது பம்ப்பைத் தள்ளுவண்டியில் கொண்டுவரப் போனார்கள். பெயின்டர்களும் கிளம்பிவிட்டார்கள்.

5.45. கரண்ட் போனது.

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு...

சளக்... சளக்...

தண்ணீர் நிறைந்த பூட்ஸ். டாக் பக்கமிருந்து.

"யாரு? நில்லு. இங்க குழி கீது."

சளக்... சளக்...

"நில்லுன்றேன்ல!"

இரண்டு கையையும் அகல விரித்தார். சட்டைப் பையில் போன் இருந்தது, டார்ச் அடித்துப் பார்க்கலாம். கையை மடக்க மனம் வரவில்லை.

சளக்.

நின்றது. ஒரு சாண் தூரத்தில்.

சேற்று நாற்றம். மூச்சுக் காற்று இல்லை.

"அண்ணே... நாலாவது பக்கம் எங்க?"

நாகப்பன் விரித்த கையை இறக்கவில்லை.

"நான்... நான்தாம்பா நிக்கிறேன்."

மழை.

"அன்னிக்கு யாரும் நிக்கலியே."

ஹெல்மெட்டின் முன்பக்கம் லேசாக அசைந்தது. ஈரமான விரல்...

5.52. கரண்ட் வந்தது.

யாரும் இல்லை. தரையில் ஈரமான பூட்ஸ் தடங்கள். அவரை நோக்கி வந்தவை. திரும்பிப் போன தடம் ஒன்று கூட இல்லை.

பிட்டர்கள் வந்து வேலையை முடித்து, மூடியைப் போடும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. இதை அந்தப் பிட்டர்களே சொன்னார்கள்.

இரவு எட்டு மணிக்கு கேட்டில் பாஸைக் காட்டும்போது செக்யூரிட்டி மெர்சியிடம் கேட்டார். மெர்சி அந்தக் கம்பெனியில் ஒன்பது வருடமாக இருக்கிறவர்.

"டாக்காண்ட வெறும் தரைல எதுக்குமா பேரிகேட் வெச்சிகீறாங்க?"

"டாக்லயா? அங்க ஒண்ணும் கெடையாதேண்ணே. இப்பதான் ரவுண்ட்ஸ் போய்ட்டு வந்தேன்."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெர்சி குரலைத் தாழ்த்தினார்.

"முன்னாடி அங்க ஒரு குழி இருந்துச்சு. இப்ப மூடிட்டாங்க. பரசுராமன்னு ஒரு பிட்டர். அவரே நாலு பக்கமும் பேரிகேட் வெச்சிட்டு ஸ்பேனர் எடுக்கப் போனாரு. அந்த கேப்ல எவனோ ஒரு பக்கத்த உருவிக்கினு போய்ட்டான். திரும்பி வர்றப்போ கரண்ட் இல்ல. தான் வெச்ச பேரிகேட் இருக்கும்னு நம்பித்தானே நடப்பாரு..."

"எப்பமா?"

"மூணு வருசம் ஆச்சு. இதே கார்த்திகை, ஞாயித்துக்கெழம. எடுத்தவன் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல. அவர் எழுதிப் போட்ட டேக் அட்டையும் கெடைக்கல."

நாகப்பன் வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று அவருக்கே தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் வேறொரு காண்ட்ராக்டரிடம் இருந்தார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை நாள், இந்தக் கம்பெனிக்கு வந்திருந்தார். மறுநாளே மண்ணூர் சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே என்ன நடந்தது என்று சொல்ல யாரும் இல்லை. அவரும் கேட்கவில்லை.

அன்றைக்கும் ஒரு பக்கம் குறைந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கவிழ்த்தார். பட்டைக்குள் செருகியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். வியர்வை ஊறி, பழுத்துப்போன அட்டைகள்.

கடைசி அட்டை.

வைத்தவர்: பரசுராமன். நேரம்: 3.15. தேதி: 21.11.2021.

மூன்று வருடமாக அது அவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

கீழே 'அகற்றியவர்' கட்டம். எவனும் எழுதாத கட்டம்.

எழுதியிருந்தது. மேலே இருந்த அதே சாய்ந்த எழுத்தில்.

நாகப்பன். நேரம்: 5.52.

விரல் வைத்தார். மை இன்னும் காயவில்லை.