மாமியார் பேரில் ஒரு நெட் கனெக்ஷன்

ராசிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன் நான். நெட் இல்லையென்றால் சோறு இல்லை. அதனால் ஆறு வருடமாக ஒரே கம்பெனியின் கனெக்ஷனைக் கட்டிக்கொண்டு அழுதேன். மாடிக்குக் குடிவந்த பேங்க்காரர் எந்த நெட் போடலாம் என்று கேட்டபோது அதையே சிபாரிசும் செய்தேன். கொஞ்ச நாளில் அவர் நன்றி சொல்ல வந்தார்.

"நல்ல கம்பெனிங்க. மாசம் ஐநூறுதான். மோடத்தையும் சும்மாவே குடுத்துட்டாங்க."

அதே கம்பெனிக்கு, அதைவிட மெதுவான நெட்டுக்கு, நான் எண்ணூறு கட்டிக்கொண்டிருந்தேன். மோடத்துக்குத் தனியாக வேறு அழுதிருந்தேன். அவரைச் சிரித்து அனுப்பிவிட்டு கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். நான் அவர்களுடைய மதிப்புமிக்க வாடிக்கையாளர் என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். மாடிக்காரரின் விலை மட்டும் புதியவர்களுக்குத்தானாம்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் அவர்களுடைய ஆபீசுக்கே போனேன். மேனேஜர் நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, ஊட்ல வேற ஆராச்சும் இருக்காங்களா?" என்றார்.

"சம்சாரம் இருக்குதுங்க. மாமியாரும் எங்ககூடத்தான்."

"அவிங்க பேர்ல புதுசாப் போட்டுக்குங்க. உங்களோடதைக் கட் பண்ணிரலாம்."

தன் ஆதாரைத் தொடக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். அத்தை, அதாவது என் மாமியார், எதற்கென்றுகூடக் கேட்காமல் அட்டையை எடுத்துத் தந்தார். லைன்மேன் வந்தார். வயரைக் கழற்றினார், அதே வயரை மறுபடி மாட்டினார், புதுக் கனெக்ஷன் ரெடி என்றார்.

அன்றிலிருந்து கம்பெனிக்கு நான் யாரோ. வரவேற்பு, வாழ்த்து எல்லாம் அத்தையின் பட்டன் போனுக்கே போயின. ஒருநாள் மீட்டிங் நடுவில் நெட் நின்றது. புகார் கொடுக்க ஓடிபி வேண்டும். அதுவும் அவருக்குத்தான் வந்தது.

"அத்தை, வந்திருக்கற நம்பரைச் சொல்லுங்க."

"ஆருக்குஞ் சொல்லக்கூடாதுன்னு டிவில சொல்றாங்களே மாப்ள."

"நான் உங்க மாப்பிள்ளைங்க அத்தை."

"அப்படிச் சொல்லித்தான் கேப்பாங்கன்னும் சொன்னாங்க."

மனைவி வந்து எனக்கு ஜாமீன் நின்ற பிறகே நம்பர் கிடைத்தது.

வருடம் முடிந்ததும் அத்தையும் பழைய வாடிக்கையாளர் ஆனார். பில் எண்ணூறாக ஏறியது. இனி ஆதாருக்காக மனைவியின் காலில் விழ வேண்டியதுதான் என்று நான் இருந்தேன். அத்தையோ இதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். "புதுசா வர்றவிங்களுக்குக் கம்மி, இருக்கறவளுக்கு ஏத்தமா?" என்றவர் நல்ல சேலையாக மாற்றிக்கொண்டு என் வண்டியில் ஏறினார்.

"அந்த ஆஃபர் முடிஞ்சு போச்சுங்கம்மா" என்றார் மேனேஜர்.

அத்தை சண்டை போடவில்லை. கதவோரம் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். புதுக் கனெக்ஷன் கேட்டு ஒரு ஜவுளிக்கடைக்காரர் உள்ளே வந்தார்.

"இப்படி வா சாமி" என்று அன்பாகக் கூப்பிட்டார் அத்தை. "இப்ப ஐநூறும்பாங்க. அடுத்த வருசம் எண்ணூறு. எனக்கு அப்படித்தான் பண்ணிப்போட்டாங்க."

கடைக்காரர் மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். யோசித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். அடுத்து வந்த புருஷன் பெண்டாட்டிக்கும் அதே உபதேசம், அவர்களும் அப்படியே திரும்பினார்கள். நான் அத்தைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாதவன்போல் சுவரில் இருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொருவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மேனேஜர் எழுந்து வந்துவிட்டார். "அம்மா, பழைய ரேட்டே போட்டுத் தர்றனுங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க."

அத்தை அசையவில்லை. "அடுத்த வருசம்?"

"அப்பவும் அதேதானுங்க."

திரும்பி வரும்போது அவர் பெருமை எதுவும் பேசவில்லை. அந்த ஆபீசில் ஏசி நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.