சுக்குக் களத்தில் அளந்த நிழல்

காய்கிற சுக்கின் காரம் மூக்கில் ஏறும். சிமெண்ட் களத்தில் செருப்பில்லாமல் நின்றால் உள்ளங்கால் தானாக நடனம் ஆடும்... கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் ஒரு சுக்கு குடோனில் எடை போடும் வேலையில் இருந்த எனக்கு அந்த நடனம் நல்ல பழக்கம்.

ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கோமதியும் என்னோடு ஆடினாள்.

எண்பதுகளின் தொடக்கம். நான் எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாவது முயற்சியில் தாண்டியவன். முதல் முயற்சியில் காலை வாரியது கணக்குதான். அவளோ மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த கணக்கு டீச்சர். போதாததற்கு, கணித வரலாற்றில் ஆராய்ச்சி வேறு. பெண் பார்க்கப் போன அன்றே இதைச் சொன்னார்களாம். கேசரி மும்முரத்தில் எனக்குத்தான் காதில் விழவில்லை.

பல நூறு வருஷங்களுக்கு முன்பு மலையாள நாட்டில் வாழ்ந்த ஒரு கணித அறிஞரை அவள் தேடிக்கொண்டிருந்தாள். அவர் செய்யுளாக எழுதிய கணக்குகள் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. பேர் தெரியாது. ஊர் தெரியாது.

கணக்குகளில் எல்லாம் மிளகும் படகும் கடலும் வந்தன. "அப்போ அவர் நம்ம கொச்சிக்காரர்தான்" என்று கோமதி ஒரு முழு அத்தியாயமே எழுதிவிட்டாள். இரண்டு வருஷ உழைப்பு. எர்ணாகுளத்தில் இருந்த அவளுடைய ஆராய்ச்சி கைடு உதட்டைப் பிதுக்கினார். "மிளகு எங்கதான் இல்லை? வேற ஆதாரம் கொண்டு வா. இல்லேன்னா அத்தியாயத்தை எடுத்துடு."

ஆதாரம் ஒரு செய்யுளிலேயே இருந்தது. பகலும் இரவும் சமமான நாளில், உச்சி வேளையில், பன்னிரண்டு அளவு உயரமுள்ள கம்புக்குத் தன் வீட்டு முற்றத்தில் எவ்வளவு நீளம் நிழல் விழும் என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார். வடக்கே போகப் போக அந்த நிழல் நீளுமாம்.

கோமதி காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு அடிக் கம்பு என்றால், மட்டாஞ்சேரியில் விழவேண்டிய நிழலைவிட அவர் சொன்ன நிழல் இரண்டு இஞ்ச் நீளம்.

"அந்தக் காலத்துல கம்பும் கயிறும்தானே? அவர் அளந்ததுல ரெண்டு இஞ்ச் தப்பு வந்திருக்கலாமே" என்றாள். அப்படித் தப்பு வருமா என்று நாங்களே அளந்து பார்ப்பதாக முடிவு. வந்தால் அத்தியாயம் பிழைக்கும்.

தப்பாக அளக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் கொச்சியில் கிடைப்பானா! அந்த வருஷம் பகலும் இரவும் சமமான நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. முதலாளியிடம் கேட்டுக் களத்தை வாங்கினேன். பன்னிரண்டு அடி உயரத்துக்கு மூங்கில் நட்டேன். உச்சியில் பிஸ்கட் டின் மூடி, அதில் ஆணியால் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு நேர் கீழே கொத்தனாரின் தூக்குக்குண்டு. குண்டு நின்ற இடத்தை மையமாக வைத்து, செய்யுள் சொன்ன நீளத்துக்குக் கோமதி சாக்பீஸால் ஒரு வளைவு போட்டாள். மூடியின் நிழலுக்கு நடுவே பொட்டு மாதிரி வெளிச்சம் விழுந்தது.

காவலுக்கு இருந்த குஞ்ஞப்பன் சேட்டன் வந்து பார்த்தார். "எந்தா மூர்த்தி, வெயிலையும் எடை போட்டு விக்கத் தொடங்கியோ?"

குடோன் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. "உச்சி ஆச்சு, அளந்துடலாமா?" என்றேன்.

"அது மொத்த இந்தியாவுக்கும் சேர்த்து அடிக்கற மணி. நம்ம ஊர் உச்சி இன்னும் வரலை" என்றாள் கோமதி.

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு உச்சி வேளை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பொட்டு நகர்ந்தது... கால் மணி நேரத்தில் நேராக வந்து சாக்பீஸ் கோட்டில் உட்கார்ந்தது!

"தொட்டாச்சு! கோமதி, போதும், எழுதிக்கோ!" என்று கத்தினேன்.

அவளும் பார்த்தாள். முகம் மலர்ந்ததை நான் கண்ணால் கண்டேன். ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

"நிழல் இன்னும் குறையுதுங்க."

"குறையட்டுமே. நீயும் நானும்தானே இருக்கோம்... கைடுக்கு யார் சொல்லப் போறா?"

"அப்புறம் அந்த மனுஷருக்கு அளக்கத் தெரியாதுன்னு ஆயிடுமே."

அவ்வளவுதான் சொன்னாள். பொட்டு கோட்டைத் தாண்டி உள்ளே வந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டரை வாக்கில் நின்றது. பிறகு மெல்ல விலகத் தொடங்கியது. டேப்பை வைத்தோம். கோட்டிலிருந்து சரியாக இரண்டு இஞ்ச் உள்ளே, அவள் காகிதத்தில் போட்டுவைத்த அதே இடம். வாழ்க்கையில் எதையும் சரியாக அளக்காத நான், தப்பு செய்ய வேண்டிய நாளில் பார்த்து சரியாக அளந்துவிட்டேன்.

கோமதி களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ கோட்டையும் பொட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு பிஸ்கட் மூடிக்கே இவ்வளவு சரியா வருது. அவருக்கா தப்பும்? வடக்கே பொன்னானியிலேர்ந்து பாலக்காடு வரைக்கும் அந்த நீள நிழல் விழற கோட்டுல எங்கேயோதாங்க இருந்திருக்கார்... என்னமா அளந்திருக்கார் பாருங்க!"

நான் பாலக்காட்டுக்காரன். உடனே அவரைச் சொந்தம் கொண்டாடினேன்.

"உங்க மார்க் ஷீட்டைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்றாள்.

குஞ்ஞப்பன் சேட்டன் தூரத்திலிருந்து கேட்டார், "டீச்சரே, ஜயிச்சோ?"

"அவர் ஜயிச்சார் சேட்டா."

மறுநாளே கைடிடம் போய் அத்தியாயத்தைத் தானே எடுத்துவிட்டு வந்தாள். பட்டம் வாங்க இன்னும் ஒரு வருஷம் கூடுதலாகப் பிடித்தது.

இப்போது என் மகள் போனைத் தட்டி ஒரு நொடியில் எந்த ஊர் நிழலையும் சொல்லிவிடுகிறாள். நல்லதுதான், கால் சுடாது. ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், தான் சொன்னது தப்பு என்று ஒருவர் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான். போன வாரம் ரயில் நேரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு, பழியை ரயில்மேல் போட்டேன்.

அதே நாள் மாலை மகள் கேட்டாள், "அம்மா, கடைசியில அந்த ஆள் எந்த ஊர்னு கண்டுபிடிச்சியா?"

"இல்லை."

"அப்போ அத்தனை வருஷம் என்னதான் கண்டுபிடிச்சே?"

கோமதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"மட்டாஞ்சேரி இல்லைன்னு கண்டுபிடிச்சேன்" என்றாள். பட்டம் வாங்கிய அன்றுகூட அந்தக் குரலில் அவ்வளவு பெருமையை நான் கேட்டதில்லை.