போர்வையை இழுத்த கை

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், என் மனைவி, நான்கு வயது மகள், ஆண்டிபட்டியிலிருந்து மாட்டுவண்டியோடு வந்திருந்த மனைவியின் அண்ணன். பேசாத மனுசனோடு இருக்க முடியாது என்று அவள்தான் அவரை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். மூட்டை கட்டியாகிவிட்டது.

அந்த வருடம் கம்பத்தில் காலரா. ஊருக்கு வெளியே போட்ட கொட்டகையில் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டுவதும் கழுவிவிடுவதும் என் வேலை. உயிர் போனால் முகத்தை மூடுவதும் நான்தான். வீட்டில் எதையும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதே அவர்களுக்கு நல்லது என்று நினைத்தேன். நோய் அடங்கி, கொட்டகையைப் பிரித்த பிறகும் எனக்குப் பேச்சு வரவில்லை.

மதியம் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். "ஏன் மாப்ளே, வாயத் தொறந்தா முத்து உதுந்துருமோ?" என்று மச்சான் கேலி செய்தார். பக்கத்தில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஈ மொய்த்ததால் போர்வையை இழுத்துவிட்டேன். கை கழுத்தோடு நிற்கவில்லை. முகத்தையும் மூடி, துணியின் ஓரத்தைத் தலைக்கடியில் செருகிவிட்டு எழுந்தேன்.

"ஆத்தாடி! உசுரோட இருக்குற பிள்ளைய இப்படியா மூடுவாக?" என்று மனைவி ஓடிவந்து போர்வையை விலக்கினாள். மகள் விழித்துச் சிரித்தாள்.

மனைவி என் கையைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். "எத்தன பேருக்குங்க இப்படி மூடுனீக?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வாயை மூடிக்கொண்டால் கொட்டகை வீட்டுக்குள் வராது என்று நம்பியது என் தப்பு. அது கையோடு வந்திருந்தது.

மாலையில் மச்சான் மட்டும் வண்டியில் திரும்பிப் போனார். அவளிடம் நான் சொன்னது, முப்பத்தொன்று.