சென்னிக்குத்தும் ஊர்வலமும்

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாதத்தில் இரண்டு மூன்று முறை கண்ணில் ஏதோ நடக்கும். பார்க்கிற எழுத்தில் பாதி மறைந்துபோகும். மறைந்த இடத்தில் வெள்ளிக் கம்பிபோல ஒரு வெளிச்சம் வளைந்து வளைந்து நடுங்கும். அதை அழகு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் வலது நெற்றிப்பொட்டில் வலி தொடங்கும், பிறகு வாந்தி. மாலையில் நான் எழுந்து விளையாடப் போவேன். “பள்ளிக்கூடம் போவ மடியாக்கும் இவளுக்கு” என்பாள் அம்மா, நான் சோம்பலில் நடிப்பதாக நினைத்து.

எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் நடந்த காலம். ஒருநாள் உதியன்குளங்கரையில் ஊர்வலம். அப்பா கொடி பிடித்து முன்னால் போனார். காலையில் ஒன்றும் தின்னாமல் நான் பின்னாலேயே ஓடினேன். உச்சிவெயில், தூசி, கோஷம். பதாகையில் ‘தமிழ்’ என்ற சொல்லின் முதலெழுத்து கரைந்து, ‘மிழ்’ மட்டும் காற்றில் மிதந்தது. கோஷம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. சாலையோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். கூட்டம் அப்பாவைக் கொண்டுபோய்விட்டது.

ஊர்வலத்துக்குப் பயந்து கதவடைத்திருந்த ஒரு மலையாள வீட்டிலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்தாள். என்னைத் தூக்கிப்போய் இருட்டறையில் பாயில் கிடத்தி, ஜன்னலை அடைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டாள்.

“கண்ணடச்சுக் கிட மோளே. இது சென்னிக்குத்தாக்கும். எனக்கும் சின்னதுல உண்டு.”

அந்த வலிக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த இருட்டில் தூங்கிப்போனேன்.

அம்மா தேடி வந்தபோது நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை நடிக்கவில்லை, பட்டினியும் வெயிலும் இதற்கு ஆகாது, கண்ணில் வெளிச்சம் தெரிந்த உடனே படுக்கவைக்க வேண்டும் என்று அந்த வீட்டு அம்மா எடுத்துச் சொன்னாள். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா முந்தானையை என் தலைமேல் பிடித்தபடியே நடந்தாள்.

மறுவாரம் நெய்யாற்றின்கரையில் டாக்டரிடம் காட்டினோம். ஒற்றைத் தலைவலி என்று அவரும் அதையே சொல்லி, வலி வரும் நாட்களைக் குறித்துவைக்கச் சொன்னார். பழைய நோட்டில் அம்மா எழுதினாள்: தூக்கம் குறைவு, காலைச் சாப்பாடு இல்லை, வெயில். காரணம் தெரியாத நாட்களும் உண்டு. அவற்றுக்கு நேரே ஒரு கோடு மட்டும் இழுத்தாள். வலி நிற்கவில்லை, ஆனால் குறைந்தது.

மொழிவாரியாக மாநில எல்லை பிரிந்தபோது எங்கள் ஊர் கேரளத்தோடே நின்றுவிட்டது. அப்பா கொடியை மடித்துப் பரணில் போட்டார். அடுத்து வந்த ஓணத்துக்கு அம்மா ஒரு சீப்புப் பழத்தோடு அந்த மலையாள வீட்டுக்குப் போய், வெகுநேரம் பேசியிருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.